தானே ஓடும் காரும் தலைவிதியும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம், மின்சாரக் கார்களில் டிரைவருக்கு உதவியாக வைக்கப்பட்டிருக்கும் கணினி ஏற்பாடானது நெடுஞ்சாலையில் எப்படி வேலை செய்கின்றது, அதில் உள்ள குறை என்ன, அக்குறை எவ்விதம் திருத்தப்பட வேண்டும் என்பதாகும். சுயமரியாதைக் கூட்டத்தில் சாமியையும் ஜாதியையும் பற்றிப் பேசாமல் காரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். சற்றுப் பொறுமையோடு கேட்பீர்களானால் காரைப் பற்றிய பேச்சும் அங்கேதான் வந்து சேருகின்றது என்பதைக் காண்பீர்கள்.

முதலில் இச்சாதனம் இன்னதென்று சொல்லி விடுகின்றோம். காரைச் சுற்றிலும் காமிராக்கள் இருக்கின்றன. சில கார்களில் ரேடாரும், சிலவற்றில் லேசர் ஒளியை வீசித் தூரத்தை அளக்கும் லிடார் என்னும் கருவியும் உண்டு. இவை காண்பதையெல்லாம் ஒரு கணினி கணக்குப் பார்த்து, முன் வண்டி எவ்வளவு தூரத்தில் போகின்றது, சாலைக்கோடு எங்கே வளைகின்றது என்று கண்டு, ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் தானே இயக்குகின்றது. இதில் மந்திரமுமில்லை, மாயமுமில்லை. கணக்குத்தான் இருக்கின்றது. இக்கணக்கு தவறும் என்பதால்தான், விற்பனையாகும் கார்களில் பெரும்பாலானவற்றில் மனிதன் எந்நேரமும் சாலையைப் பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கின்றார்கள். இப்படிப்பட்ட சாதனத்தை 0 முதல் 5 வரையுள்ள படிகளில் 2ஆவது படி என்று சொல்லுகின்றார்கள்.

நிற்க, நெடுஞ்சாலை என்றால் தெருச்சந்து இல்லை, எதிர் வண்டி இல்லை, நேரான பாதை, ஆகவே அங்கு யந்திரத்திற்கு வேலை சுலபம் என்று தோன்றும். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார், பிரேக்கை நன்றாக அழுத்தினால் ஏறக்குறைய 5 மீட்டரில் நின்றுவிடும். அதே கார் 120 கிலோமீட்டரில் போனால் நிற்பதற்கு 80 மீட்டர் வேண்டும். வேகம் 4 பங்கானால் நிற்கும் தூரம் 16 பங்காகின்றது. அந்த வேகத்தில் ஒரு வினாடிக்கு 33 மீட்டர் ஓடி விடுகின்றது. ஆகவே 100 மீட்டருக்கு அப்பாலுள்ள பொருளை இன்னதென்று அடையாளம் காணாத யந்திரம், நெடுஞ்சாலையில் குருடனுக்குச் சமானமேயாகும்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றுண்டு. பாலம், கைகாட்டிப் பலகை, ஓரக்கம்பி ஆகிய எல்லாவற்றிலிருந்தும் ரேடாருக்கு எதிரொலி வருகின்றது. அசையாமல் நிற்கும் ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் கார் ஊர் போய்ச் சேராது. அதனால் அசையாத பொருள்களைப் பெரும்பாலும் தள்ளி விடும்படி கணக்கை அமைத்தார்கள். பலன் என்ன? 2018 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஒரு டெஸ்லா கார், முன்னே போன வண்டி விலகியதும் வழி திறந்து விட்டதென்று எண்ணி வேகத்தைக் கூட்டிக் கொண்டு போய், சாலையில் நின்றிருந்த தீயணைப்பு வண்டியின் மேல் மோதிற்று. சரி, எதைக் கண்டாலும் பிரேக் போடச் சொல்லலாமே என்றால், ஒன்றுமே இல்லாத சாலையில் திடீரென்று பிரேக் போடுகின்றது. அப்படிப் போட்டால் பின்னால் வருகிறவன் கதி என்ன? இதைப் பற்றி 354 புகார்கள் வந்து, ஏறக்குறைய 4,16,000 கார்களின் பேரில் அமெரிக்க சர்க்கார் இலாகா 2022 பிப்ரவரியில் விசாரணை தொடங்கிற்று. ஆகவே ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கம் கிழிகிற துணி போல் இருக்கின்றது இந்த வேலை. பொறுமையாய் ஆராய்ந்து திருத்துகிறவனுக்குத்தான் இது கைகூடும்.

இனி, மனித உயிர் போன சங்கதிக்கு வருவோம். 2016 மே மாதம் புளோரிடாவில், டெஸ்லாவின் 'ஆட்டோபைலட்' ஓட்டிக் கொண்டிருந்த கார், குறுக்கே திரும்பிய லாரியின் அடியில் புகுந்து ஒருவர் மாண்டார். 2018 மார்ச்சில் கலிபோர்னியாவில் இன்னொரு கார், சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் கோட்டைத் தவறாய்ப் பின்பற்றித் தடுப்பில் மோதி ஒருவர் மாண்டார்.

நம் நாட்டில் இப்படி ஒன்று நடந்தால் என்ன சொல்லுவார்கள்? "அவன் ஆயுள் அவ்வளவுதான்," "எழுதின எழுத்தை யார் அழிக்க முடியும்?" என்பார்கள். அத்தோடு விஷயம் முடிந்தது. அமெரிக்காவில் இதற்கென்று ஒரு போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இருக்கின்றது. அது விதியைக் கேட்கவில்லை. காரின் பதிவுகளைக் கேட்டது. 2018இல் நடந்த அந்த ஒரு மரணத்திற்கு அது கண்ட காரணங்களைக் கேளுங்கள். யந்திரம் வழி தவறிற்று, பிரேக்கும் போடவில்லை. டிரைவர் கைபேசியில் விளையாட்டில் கவனமாய் இருந்தார். அவர் பார்க்கவில்லை என்பதை யந்திரம் சரியாய்க் கண்டறியவில்லை. அவ்விடத்திலிருந்த மோதல் தாங்கி 11 நாளைக்கு முன் வேறொரு விபத்தில் நசுங்கி, செப்பனிடப்படாமலே கிடந்தது. இத்தனை காரணங்களும் மனிதன் செய்தவை, மனிதன் திருத்தக் கூடியவை. விதி என்று சொல்லியிருந்தால் இவற்றில் ஒன்றாவது வெளியில் வந்திருக்குமா?

ஆனால் தோழர்களே, காரணம் கண்டால் மட்டும் போதாது. உரியவன் கேட்க வேண்டும். யந்திரத்தை எந்தச் சாலைக்காகச் செய்தார்களோ அந்தச் சாலையில் மட்டும் அது வேலை செய்யும்படி கட்டுப்படுத்துங்கள், டிரைவர் கவனிக்கிறாரா என்பதை நன்றாய்ச் சோதியுங்கள் என்று அச்சபை 2017இல் ஆறு கார்க் கம்பெனிகளுக்கு எழுதிற்று. ஐந்து கம்பெனிகள் பதில் சொல்லின. டெஸ்லா முறையான பதில் தரவில்லை என்று 2020இல் அச்சபையே பகிரங்கமாய்ச் சொல்லிற்று. இதற்கிடையில் 2019 மார்ச்சில், அதே புளோரிடாவில், அதே விதமாய், குறுக்கே வந்த லாரியின் அடியில் இன்னொரு கார் புகுந்து இன்னொருவர் மாண்டார்!

கேட்டால், டிரைவர் கவனமாய் இருந்திருக்க வேண்டும் என்பார்கள். இந்த சமாதானத்தை நாம் எங்கேயோ கேட்டிருக்கின்றோமல்லவா? வேண்டுதல் பலித்தால் சாமியின் மகிமை. பலிக்காவிட்டால் உன் பக்தியில் குறை! கார் ஒழுங்காய்ப் போனால் யந்திரத்தின் பெருமை, மோதினால் மனிதனின் குற்றம் என்பதும் அதே புரோகிதம்தானே? டிரைவரிடம் குற்றம் இல்லையென்று நாம் சொல்லவில்லை. 'தானே ஓட்டும்' என்று அர்த்தம் தொனிக்கும் பெயரை வைத்து, மனிதனை அசந்திருக்கச் செய்து விட்டுப் பிறகு ஏன் அசந்தாய் என்று கேட்பது யோக்கியமா என்றுதான் கேட்கின்றோம்.

சீனாவிலும் இதே பாடம்தான் கிடைத்தது. 2025 மார்ச்சில் அன்ஹுயி மாகாணத்து நெடுஞ்சாலையில் ஷியோமி கம்பெனியின் மின்சாரக் கார் ஒன்று 116 கிலோமீட்டர் வேகத்தில் யந்திர உதவியோடு போயிற்று. முன்னே சாலை வேலைக்காகப் பாதை அடைக்கப்பட்டிருந்தது. யந்திரம் எச்சரித்து மனிதர் கையில் ஒப்படைத்த சில வினாடிகளில் கார் சிமெண்டுத் தடுப்பில் மோதி மூன்று கல்லூரி மாணவிகள் மாண்டார்கள். அந்தச் சில வினாடிகளில் மனிதன் என்ன செய்வான்? அடுத்த மாதமே சீன சர்க்கார் கம்பெனிகளைக் கூப்பிட்டு, யந்திரத்தின் சக்தியை மிகைப்படுத்தும் பெயர்களையும் விளம்பரங்களையும் விட்டு விடும்படியும், நன்றாய்ச் சோதிக்காமல் மென்பொருளை மாற்றக் கூடாதென்றும் சொல்லிற்று.

மென்பொருளைத் தந்தியில்லாமலே ஒரே இரவில் லட்சக்கணக்கான கார்களுக்கு அனுப்பிக் குறையைத் திருத்த முடிகின்றது. இது பெரிய நன்மைதான். 2023 டிசம்பரில் டெஸ்லா அமெரிக்காவில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு இப்படித்தான் திருத்தம் அனுப்பிற்று. ஆனால் திருத்தமும் தவறலாம். 2021 அக்டோபரில் அனுப்பிய ஒரு மாற்றத்தால் கார்கள் வீணாய்ப் பிரேக் போட, அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2023இல் அனுப்பிய திருத்தம் போதுமானதா என்றும் 2024 ஏப்ரலில் மறுபடி விசாரணை எழுந்தது. ஆகவே 'புதியது வந்து விட்டது, இனிப் பயமில்லை' என்பதும் ஒரு மூடநம்பிக்கையேயாகும்.

ஜெர்மனியில் 2022இல் மெர்சிடிஸ் கம்பெனி வேறு மாதிரி ஆரம்பித்தது. குறிப்பிட்ட நெடுஞ்சாலையில், நெரிசலில், 60 கிலோமீட்டர் வேகம் வரைதான் எங்கள் யந்திரம் ஓட்டும், அந்நேரத்தில் யந்திரம் செய்யும் தவறுக்கு நாங்கள் பொறுப்பு என்றது. சர்வதேச விதியும் இப்படிப்பட்ட யந்திரம் மனிதனிடம் ஒப்படைக்கும்போது அவனுக்கு 10 வினாடி அவகாசம் தர வேண்டும் என்கின்றது. அறிவு தன் எல்லையைச் சொல்லிக் கொண்டு வருகின்றது. கடவுளோ சகல சக்தியும் எனக்குண்டு என்று சொல்லப்பட்டு வந்து, ஒன்றுக்கும் பொறுப்பேற்காமல் போகின்றார்.

இப்படிச் சொல்லுவதால் நாம் யந்திரத்திற்கு விரோதிகள் என்று யாரும் எண்ண வேண்டாம். மாட்டு வண்டியே மேல் என்கிற கூட்டத்தில் நாம் இல்லை. உலகத்தில் வருஷத்திற்கு ஏறக்குறைய 12 லட்சம் பேர் சாலை விபத்தில் சாகின்றார்கள். நம் நாட்டுச் சாலைகளில் நீளத்தால் நூற்றுக்கு இரண்டே பங்கான தேசிய நெடுஞ்சாலைகளில், விபத்து மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நடக்கின்றது. மனிதன் தூங்குகின்றான், குடிக்கின்றான், பேசிக் கொண்டே ஓட்டுகின்றான். தூங்காத யந்திரம் நமக்கு வேண்டியதுதான். அதனால்தான் அது தூரத்தில் நிற்பதையும் கண்டறிய வேண்டும், டிரைவரின் கண்ணைக் கவனிக்க வேண்டும், தெரியாத சாலையில் வேலை செய்ய மறுக்க வேண்டும், முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும், தவறினால் செய்தவன் பொறுப்பேற்க வேண்டும் என்கின்றோம்.

இன்று இந்த உதவிச் சாதனம் உள்ள மின்சாரக் கார்கள் நம் நாட்டிலும் விற்கின்றன. பல லட்சம் கொடுத்து, காமிராவும் ரேடாரும் வைத்த காரை வாங்கி வந்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கி, முகப்பில் மிளகாயும் பழமும் கட்டித் தொங்க விடுகின்றோம்! அந்த மிளகாய் ரேடாருக்கு முன் தொங்கினால் பாதுகாப்புக்குப் பதில் இடைஞ்சல்தான் மிச்சம். எலுமிச்சம்பழம் காப்பாற்றும் என்பவனும், கையையும் கண்ணையும் எடுத்து விட்டு யந்திரம் காப்பாற்றும் என்பவனும் ஒரே ஏமாளிகள்தான்.

ஆகவே தோழர்களே, இத்தகைய காரை வாங்குகிறவர்களும், அதில் டிரைவராய் இருக்கிறவர்களும், விற்பவனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எந்தச் சாலையில், எந்த வேகம் வரை வேலை செய்யும்? எதை இதனால் பார்க்க முடியாது? தவறினால் யார் பொறுப்பு? பதில் சொல்லத் தயங்குகிறவனை நம்பாதீர்கள். நாம் சொன்னதையும் அப்படியே நம்பி விடாமல், விசாரித்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக் கொள்ளும்படி கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகின்றோம்.