கைத்திறனும் கணக்கறிவும்

(ஓசூர் வட்டாரக் கிராம இளைஞர்களும் மகளிர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொழுது புலர்வதற்கு முன்பே தளி, கெலமங்கலம், சூளகிரிச் சாலைகளில் தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். சோற்றுப் பாத்திரமும் அடையாள அட்டையுமாக நம் பிள்ளைகள் அவற்றில் ஏறிச் செல்கிறார்கள். வீட்டிற்கு மாதந்தோறும் பணம் வருகிறது, அது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அவர்களுள் பலர் ஒப்பந்தத் தொழிலாளராகச் சேர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின்பும் ஒப்பந்தத் தொழிலாளராகவே இருக்கின்றனர். வயது ஏறுகிறது, வேலையின் படி ஏறவில்லை. இதற்குக் காரணம் என்ன, பரிகாரம் என்ன என்பவற்றை உங்களோடு கலந்து சிந்திக்கவே இன்று வந்திருக்கிறோம்.

நம் வட்டாரத்தின் கதை நீங்கள் அறிந்ததுதான். கேழ்வரகும் அவரையும் விளைந்த மேட்டு நிலம் இது. 1971-ஆம் ஆண்டு மாநில அரசு சிப்காட் நிறுவனத்தை அமைத்தது. அதன் பின்னர் ஓசூரில் தொழில் வளாகம் எழுந்தது. 1980-இல் அசோக் லேலண்டு லாரித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 என்னும் சிறு மோட்டார் வண்டி இங்கிருந்து நாடெங்கும் சென்றது. டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் கைக்கடிகாரம் செய்யலாயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019-இல் ஓசூர் மாநகராட்சியானது. அண்மை ஆண்டுகளில் மின்சார வண்டிகளும் மின்னணுக் கருவிகளும் செய்யும் பெரிய ஆலைகள் வந்துவிட்டன. கைகளுக்கு வேலை தரும் இடமாக நம் மாவட்டம் ஆகிவிட்டது என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஒரு தொழிற்சாலை கைகளால் மட்டும் நடைபெறுவதில்லை. சரக்கு எப்பொழுது வர வேண்டும், எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும், ஒரு பொருளைச் செய்ய அடக்கச் செலவு என்ன, எந்தச் சீட்டோடு லாரி வெளியே போக வேண்டும், யாருக்கு எத்தனை நாள் சம்பளம் என்பனவற்றை எல்லாம் ஒருவர் இருந்து பார்த்தாக வேண்டும். இவ்வேலைகளுக்கு வெளியூரிலிருந்து படித்தவர் வருகிறார். நம் ஊர்ப் பிள்ளையோ இயந்திரத்தின் அருகிலேயே நின்றுவிடுகிறான். கைத்திறன் இருந்தும் கணக்கறிவு இல்லாமைதான் இந்தக் குறைக்கு முதற் காரணம் என்பது எங்கள் கருத்து.

அண்மையில் ஒரு சிறு லேத் பட்டறையைப் பார்த்தோம். அதன் உரிமையாளர் கிராமத்திலிருந்து வந்தவர். இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே அதன் பழுதைச் சொல்லக்கூடியவர். "போன மாதம் இலாபமா, நஷ்டமா?" என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "கையில் காசு இருந்தால் இலாபம், இல்லாவிட்டால் நஷ்டம்" என்றார். அந்தச் சிரிப்பு எங்களைக் கவலைகொள்ளச் செய்தது.

அவருக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் உருப்படிக்குக் கூலி 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 5 ரூபாய், மின்சாரம் 2 ரூபாய், கருவித் தேய்மானம் 1 ரூபாய் 50 காசு, வாடகையும் வட்டியும் சேர்ந்து 2 ரூபாய். ஆக அடக்கச் செலவு 10 ரூபாய் 50 காசு. நூறு உருப்படிக்கு வரவு 1,200, செலவு 1,050, இலாபம் 150 ரூபாய். இனி, நூற்றில் பத்து உருப்படிகள் அளவு தவறித் திரும்பி வருகின்றன. கூலி தொண்ணூறுக்கே கிடைக்கிறது. வரவு 1,080; இலாபம் 30 ரூபாயாகச் சுருங்குகிறது. பதின்மூன்று திரும்பினாலோ வரவு 1,044 ரூபாய்தான். கைப்பணம் 6 ரூபாய் போகிறது. இரவும் பகலும் உழைத்தும் பட்டறை ஏன் தேய்கிறது என்பதற்கு விடை இந்தச் சின்னக் கணக்கில் இருக்கிறது. இதைத்தான் அடக்கவிலைக் கணக்கு என்று நிர்வாகப் படிப்பில் கற்பிக்கிறார்கள்.

இப்படிப்பைக் கற்கப் பெரிய நகரத்திற்குப் போய்ப் பெரும்பொருள் செலவிட வேண்டுமோ என்று பெற்றோர் அஞ்ச வேண்டாம். சமுதாயக் கல்லூரி என்னும் ஏற்பாடு இதற்காகவே பிறந்தது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-இல் இவ்வகைக் கல்லூரி தொடங்கிற்று. வேலைக்குப் போகிறவரும் படிக்கலாம். அந்தந்த ஊரின் தொழிலுக்கு வேண்டிய பாடமே நடைபெறும் என்பது அதன் கொள்கை. நம் பக்கத்தில் 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-இல் சென்னைச் சமுதாயக் கல்லூரியும் இந்த வழியைத் திறந்தன. பள்ளியை இடையில் விட்டவர்க்கும் ஏழை எளியவர்க்கும் தொழிலும் வாழ்க்கைத் திறனும் சேர்த்துக் கற்பிப்பது சென்னைக் கல்லூரியின் நோக்கமாயிருந்தது. 2002-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சமுதாயக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் பி.வோக். என்னும் தொழிற்கல்விப் பட்டத்தை ஏற்படுத்தியது. ஓராண்டு படித்தால் பட்டயம், இரண்டாண்டு படித்தால் உயர்நிலைப் பட்டயம், மூன்றாண்டு முடித்தால் பட்டம். இடையில் குடும்பச் சுமையால் நின்றாலும், படித்த ஆண்டுக்கு ஒரு சான்று கையில் இருக்கும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, இது பேருதவியாகும்.

இப்படிப்பில் நம் வட்டாரத்திற்குத் தனியாக வேண்டியது ஒன்று உண்டு. நாம் எல்லைப்புறத்தில் வாழ்கிறோம். ஓசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்த பின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. சாவடி போனதால் சட்டமும் போயிற்று என்று எண்ணிவிடக் கூடாது. வரிக்குரிய பொருளைத் தமிழ்நாட்டிற்குள்ளேயே விற்பவர், ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பொதுவாக வரிப் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதே பொருளைச் சில கல் தொலைவிலுள்ள அத்திப்பள்ளிக்கு விற்றால், பொதுவாக முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். மாநில எல்லையைக் கடக்கும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் என்னும் வழிச்சீட்டு வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் ஒரு மாநிலத்து ஆலை வேறு மாநிலத்துப் பட்டறைக்கு ஜாப் ஒர்க்குக்காகச் சரக்கு அனுப்பினால், மதிப்பு எவ்வளவு குறைவாயினும் அச்சீட்டு வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. பெங்களூர் ஆலைக்கு வேலை செய்யும் ஓசூர்ப் பட்டறையின் வண்டி வழியில் நின்றுபோனால், நட்டம் யாருக்கு? இதை அறிந்த ஓர் இளைஞனோ பெண்ணோ பட்டறையில் இருந்தால், அவர் சம்பளத்தைப் போல் பல மடங்கை மீதப்படுத்திக் கொடுப்பார்.

மற்றொன்றும் கேளுங்கள். சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணத்திற்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் சிறு தொழிலாளர் நம்மிடையே பலர். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்டவர் 45 நாட்களுக்கு மேற்படாமல் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். உரிமை சட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்பதற்குப் பதிவுச் சான்றும், தேதியிட்ட பட்டியலும், சரக்குப் பெற்றதற்கான கையொப்பமும் வேண்டும். கடிதமும் கோப்பும் வைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கே சட்டம் துணை நிற்கும்.

இனி, படித்தவர்க்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்லுகிறோம்: பட்டயம் பெற்ற மறுநாளே யாரும் மேலாளர் நாற்காலியில் அமர்ந்துவிட முடியாது. சரக்கறையில் உதவியாளராகவோ, கணக்குப் பிரிவில் பற்றுச்சீட்டுகளைப் பதிவு செய்பவராகவோ, லாரி புறப்பாட்டைக் கவனிப்பவராகவோ, வருகைப் பதிவும் சேமநல நிதியும் பார்க்கும் அலுவலகத்தில் எழுத்தராகவோதான் தொடங்க வேண்டும். தொடக்கச் சம்பளம் இயந்திரத்தில் நிற்பவரின் சம்பளத்தைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஆயினும் இவ்வேலைகளில் ஏறுவதற்குப் படிகள் உண்டு. சரக்கறை உதவியாளர் சரக்கறைப் பொறுப்பாளராகலாம். பின் கொள்முதல் பிரிவுக்குச் செல்லலாம். இயந்திரத்தில் நின்றவரே மாலையில் படித்தால், வேலையும் தெரியும், கணக்கும் தெரியும் என்ற சிறப்போடு மேற்பார்வையாளராகலாம். மேலும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் நம்முடையது. மூன்று மொழியில் பேசிப் பழகிய நம் பிள்ளைகள், பல ஊரார் கூடி உழைக்கும் ஆலையில் ஆட்களை அன்போடு நடத்திச் செல்ல இயற்கையிலேயே தகுதி பெற்றவர்கள்.

ஆலை ஒன்றே வழி என்றும் நினைக்க வேண்டாம். கிருஷ்ணகிரியின் மாம்பழம் கூழாகி வெளிநாடு செல்கிறது. ஓசூரின் ரோஜா விமானம் ஏறுகிறது. விளைவித்தவர் கைக்கு வரும் பங்கு சிறிது. பேரம் தெரிந்தவர் பங்கு பெரிது. இதற்காகவே உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தோன்றின. 2020-இல் மத்திய அரசு 10,000 நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தபொழுது, ஒவ்வொன்றுக்கும் மூன்றாண்டுகளில் 18 இலட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கே ஒதுக்கியது. சங்கம் நிலைப்பதற்குக் கட்டடத்தைவிடத் தேர்ந்த நிர்வாகியும் கணக்கரும் முதலில் வேண்டும் என்று அரசே உணர்ந்ததற்கு இது சான்று. அந்த இடங்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் அமர வேண்டாவா?

தாய்மார்களுக்கு ஒரு சொல். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கத்தை அரசு 1989-இல் முதன்முதலில் தொடங்கியது எங்கே? நாம் அன்று சேர்ந்திருந்த தருமபுரி மாவட்டத்திலேதான். அந்தப் பெருமை உங்களுடையது. அதன் பின்னர் 1990-களில் மைராடா என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையோடு இங்குள்ள குழுப் பெண்கள் 'மெடோ' என்னும் அமைப்பின்கீழ்த் திரண்டு, டைட்டன் நிறுவனத்திற்குக் கைக்கடிகாரப் பட்டைகளைக் கோத்துக் கொடுக்கலாயினர். அந்தப் பெயரின் விரிவிலேயே தொழில் நிர்வாகம் என்னும் சொல்லும் மகளிர் மேம்பாடு என்னும் சொல்லும் அருகருகே நிற்கின்றன. கோக்கும் கை மட்டுமன்று. எண்ணி வாங்கவும், தரம் பார்க்கவும், நாள் தவறாது திருப்பிக் கொடுக்கவும் அறிந்த பெண்கள் இருந்தமையால்தான் அத்தொழில் நிலைத்தது. குழுவின் வரவு செலவுப் புத்தகத்தை எழுதிப் பழகிய ஒவ்வொரு பெண்ணும் நிர்வாகப் படிப்பின் முதற் பாடத்தை முன்னமே கற்றவள் என்பதை மறவாதீர்கள்.

இறுதியாகச் சில எச்சரிக்கைகள். விளம்பரத்தைக் கண்டு பணத்தைக் கட்டிவிடாதீர்கள். சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகம் வழங்குகிறது, அந்த ஆண்டுக்கு அங்கீகாரம் உண்டா, ஆலையில் எத்தனை வாரம் நேரடிப் பயிற்சி, முன்பு படித்தவர் இப்பொழுது எங்கே இருக்கிறார் என்னும் நான்கு கேள்விகளையும் கேளுங்கள். விடை எழுத்தில் தராத இடத்தில் சேர வேண்டாம். கணினியில் கணக்கு எழுதும் மென்பொருளை மட்டும் கற்றுவிட்டு, ஏன் அப்படி எழுதுகிறோம் என்பதைக் கல்லாதிருப்பதும் பயன் தராது. பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கட்டடத்திலும் நூலகத்திலும் இவ்வகுப்புகள் நடைபெற இடம் கொடுங்கள். கடைசிப் பேருந்து போன பின் பெண் பிள்ளைகள் வீடு திரும்ப வழியில்லாமல் படிப்பு நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது பெரிய செலவன்று. மனம் இருந்தால் போதும்.

நிலம் கொடுத்தோம், நீர் கொடுத்தோம், பிள்ளைகளின் கைகளையும் கொடுத்தோம். இந்தத் தொழில் வளத்தில் நம் கிராமங்களின் பங்கு கூலியோடு நின்றுவிடக் கூடாது. நாளை காலை அந்தப் பேருந்தில் ஏறும் பிள்ளைகளுள் சிலரேனும், மாலையில் ஒரு புத்தகத்தோடு இறங்கட்டும். பத்தாண்டு கழித்து, தம் ஊரிலேயே ஒரு பட்டறையைத் திறந்து, "போன மாதம் இலாபமா, நஷ்டமா?" என்று கேட்பவர்க்குப் புத்தகத்தை விரித்து விடை சொல்லட்டும். அந்த நாளை விரைவில் காண்போமாக.