தச்சனைப் பாடிய துறவி



இந்தச் சங்க மேடையில் சற்று முன் பரதம் ஆடிய பிள்ளைகளின் தலையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெத்திச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, பின்னலில் ஜடைநாகம். சிவப்புக் கல் பதித்து இந்த நகைகளைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறவர்கள் எங்கள் நாஞ்சில் நாட்டு வடசேரி ஆசாரிமார். சாமிக்குச் செய்த கைகள் பிறகு ஆடுகிற பிள்ளைகளுக்கும் செய்தன. அதைத் தேடி வாங்கி, கடல் தாண்டிக் கொண்டுவந்து, மகளுக்குப் பூட்டி அழகு பார்க்கிறீர்கள். கண் நிறைந்தது. ஆடி முடித்து இறங்கிய ஒரு குழந்தையிடம் "நல்லா ஆடினே மக்கா" என்றேன். அவள் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா ஆங்கிலத்தில் சொன்ன பிறகுதான் சிரித்தாள். அந்தக் கவலையோடுதான் இந்த மேடையில் நிற்கிறேன்.

புலம்பெயர்ந்த தந்தையரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கப்பலேறிப் போன நம் பாட்டாமார் கதையை எதிர்பார்த்திருப்பீர்கள். அது நமக்கெல்லாம் தெரிந்த கதை. இன்று எதிர்த்திசையில் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவரும் புலம்பெயர்ந்தவர்; திரும்பிப் போகாதவர். பெற்ற பிள்ளை இல்லாத துறவி, ஆனாலும் தந்தை என்றே அழைக்கப்பட்டவர். கோயில் கட்டினார், காப்பியம் பாடினார். வீரமாமுனிவர்.

இந்துவான நீ ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தாய் என்று யாராவது நினைக்கலாம். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா என்றால் எங்கள் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. டிசம்பர் 3. தேர் பார்க்க வடசேரியிலிருந்து நடந்தே போவோம். எந்த வீட்டுப் பிள்ளை என்று அங்கே யாரும் கேட்டதில்லை. நாஞ்சில் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும்.

முனிவரின் இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680 நவம்பர் 8-ம் தேதி பிறந்தவர். 1710-ல் கோவாவில் இறங்கி, மறு ஆண்டு மதுரை மறைப்பணிக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது முப்பது. உங்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்த வயதும் ஏறத்தாழ அதுதான். மீதி வாழ்நாள் முழுவதும் நம் மண்ணில்தான். காவி கட்டினார், மரக்கறி உண்டார், கவிராயர்களிடம் மாணவராக உட்கார்ந்து பாடம் கேட்டார். 1726-ல் தேம்பாவணிக் காப்பியத்தை முடித்துவிட்டார். மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல். வந்து பதினைந்து ஆண்டில்! இந்த அரங்கில் பதினைந்து ஆண்டுக்கு மேல் இங்கே வாழ்கிறவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். (கைகளைப் பார்க்கிறேன், பாதி அரங்கு.) யாரும் காப்பியம் எழுத வேண்டாம். பதினைந்து ஆண்டில் ஒரு மொழி ஒருவருக்குள் எவ்வளவு வேர் பிடிக்க முடியும் என்பதற்காகச் சொன்னேன்.

அவர் வாழ்க்கை முழுவதையும் சொல்ல நேரமில்லை. ஏலாக்குறிச்சியிலும் கோனான்குப்பத்திலும் கோயில் கட்டினார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகமும் பாடினார். கோனான்குப்பத்தில் மாதா நம் வீட்டுப் பெண்போலப் புடவை கட்டி நிற்கிறாள். 1732-ல் சதுரகராதியைத் தொகுத்தார்; நிகண்டைச் செய்யுளாக மனப்பாடம் செய்துகொண்டிருந்த நமக்கு அகர வரிசையில் சொல் தேடக் கற்றுக்கொடுத்தது அது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். தொன்னூல் விளக்கம் என்ற இலக்கண நூல் தனி. 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தோம்.

ஆனால் தமிழ்ப் பள்ளி நடத்தும் ஆசிரியைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏகாரமும் ஓகாரமும் இன்று நாம் எழுதுகிற வடிவத்தில் இருப்பது அவரால். பழைய முறையில் எ, ஒ இரண்டுக்கும் மேலே புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். எழுதுகிறவர் புள்ளியை விட்டுவிடுவார். எரியா, ஏரியா? படிக்கிறவர்தான் இடம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சிரமமாகவே படவில்லை. முப்பது வயதில் அரிச்சுவடி எடுத்தவருக்குத்தான் தடுக்கியது. தடுக்கிய இடத்தில் ஏ-க்குக் காலை இழுத்தார், ஓ-வுக்குச் சுழி போட்டார், நெடிலுக்குக் கொம்பைச் சுழித்துவிட்டார். தடுக்கியவர் செய்த உபகாரம் அது. உங்கள் மகன் ழகரத்தில் தடுக்கும்போது உறவுக்காரர் முன்னால் சிரிக்காதீர்கள். அவனிடம் "எங்கேடா கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். நமக்குத் தெரியாத ஒன்றை அவன் சொல்லக்கூடும்.

இனி, நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். தேம்பாவணியின் நாயகன் யார்? இயேசுவை வளர்த்த தந்தை சூசையப்பர். வளன் என்று முனிவர் பெயர் வைத்தார். சக்கரவர்த்தி இல்லை, வில்லாளி இல்லை. ஒரு தச்சர். கையில் உளி பிடித்து, மனைவியையும் பிள்ளையையும் காப்பாற்றிய தொழிலாளி. குழந்தையைக் கொல்ல அரசன் ஆள் அனுப்புகிறான் என்று தெரிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். தெரியாத ஊர், தெரியாத பேச்சு, கையிலுள்ள தொழில் மட்டும் துணை. இந்த அரங்கில் இருக்கும் ஈழத்து அண்ணாமார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று கவனித்திருக்கிறீர்களா? நான்கு நற்செய்தி நூல்களிலும் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூடக் கிடையாது. ஒன்றுகூட! எழுந்தார், போனார், வேலை செய்தார். அவ்வளவுதான். நம் அப்பாக்களும் அப்படித்தான். இரவு வேலை முடித்து வருவார், சாப்பிடுவார், சம்பளத்தை எண்ணி ஊருக்கு அனுப்ப எடுத்து வைப்பார், படுத்துவிடுவார். மும்பைக்குப் போனவரும் வளைகுடாவில் கொத்து வேலை பார்த்தவரும் இங்கே வந்தவரும் எல்லாம் ஒரே சாதி, பேசாத சாதி. (தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். சரியாகத்தான் சொல்கிறேன் போலிருக்கிறது.) அந்தப் பேசாத தகப்பனுக்கு 3615 பாடலில் ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொடுத்தவர் வீரமாமுனிவர். யூதேயாவுக்கே நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடி, நம் வயலையும் நீரையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். தன் ஊரைவிட்டு வந்தவர், ஊரைவிட்டுப் போன ஒரு தகப்பனைப் பாடியிருக்கிறார். அதனால்தான் நான் இந்தக் காப்பியத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

எகிப்துக்குப் போன அந்தக் குழந்தை நாசரேத்துக்குத் திரும்பி வந்தது. வந்த இடத்தில் ஊராரோடு பேசியது, பெரியவனாகி மலைமேல் உட்கார்ந்து கூட்டத்துக்குப் போதித்தது. எந்த மொழியில்? ஊர் மொழியில். அயல்நாட்டுத் தெருவில் வேறு பேச்சு கேட்ட பிள்ளைக்கு ஊர்ப் பேச்சு எப்படித் தங்கியது? அந்தத் தச்சரும் அவர் மனைவியும் வீட்டுக்குள் அதைத்தான் பேசியிருக்க வேண்டும். இதை எந்த நூலும் சொல்லவில்லை, நானாக எண்ணிப் பார்ப்பது. ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அப்பாமார்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அம்மாமார் எப்படியோ சோறு ஊட்டும்போது நாலு வார்த்தை பேசிவிடுகிறார்கள். நீங்கள் வந்திறங்கிய முதல் குளிர்காலத்தைப் பிள்ளையிடம் தமிழில் சொல்லியிருக்கிறீர்களா? எந்த ஊரில் பேருந்து ஏறினீர்கள், யார் வழியனுப்ப வந்தார்கள், கையில் என்ன காசு இருந்தது? வடசேரிப் பேருந்து நிலையத்தில் பெட்டியோடு நின்ற பையன்கள் எத்தனையோ பேர். அவர்கள் பிள்ளைகளுக்கு அந்த இடத்தின் பெயராவது தெரியுமா? உங்கள் கதையைப் பாட ஒரு முனிவர் வருவார் என்று காத்திருக்க முடியாது. நீங்களே சொல்லுங்கள். கொச்சையாக இருக்கட்டும், இரண்டு ஆங்கிலச் சொல் கலக்கட்டும். நீங்கள் நடந்ததைச் சொல்லும்போது பிள்ளை கைபேசியைக் கீழே வைப்பான்.

முனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையை உங்களில் பலர் பள்ளியில் படித்திருப்பீர்கள். 1822-ல் லண்டனிலேயே அச்சான தமிழ்ப் புத்தகம் அது. குருவும் ஐந்து சீடரும் ஆறு கடந்து கரையேறி ஆளை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐந்துதான் வருகிறது. ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஒப்பாரி. ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் நாமும் அப்படித்தான் எண்ணுகிறோம். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை, இந்தப் பிள்ளைக்கு வரவில்லை என்று விரலை மடக்குகிறோம். வீட்டில் பிள்ளையோடு தமிழ் பேசாத பெரியவர் எத்தனை பேர்? அந்தக் கணக்கில் முதல் விரலை நம்மைப் பார்த்து நீட்டி எண்ணலாம்.

அந்தக் கதையைத்தான் அடுத்து தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் நாடகமாக நடிக்கப்போகிறார்கள். குருவாக நடிக்கிற பையன் தாடியோடு ஓரத்தில் நின்று என்னையே பார்க்கிறான். வசனம் மறந்தால் கீழேயிருந்து ஆங்கிலத்தில் எடுத்துக்கொடுக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அவனே தேடி எடுப்பான். வா மக்கா, மேடை உன்னுடையது.