குளிர்காலத்துச் சனிக்கிழமை



குளிர் வந்துவிட்டால் லண்டனில் பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டிவிடும். பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள். எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் கையில் காசு இல்லை. இப்படி யோசிக்கும் பெற்றோருக்காகத்தான் இன்று கதைக்க வந்திருக்கிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2004ஆம் ஆண்டு குளிர்காலம். எனக்குப் பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை. மனைவிக்குப் பகலில் கடையில் வேலை. வாடகை, ஊருக்கு அனுப்பும் காசு, ஏஜென்சிக்காகப் பட்ட கடன் எல்லாம் போக ஒன்றும் மிஞ்சாது. சனி, ஞாயிறு எனக்கு நித்திரை கொள்ளும் நாட்கள். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. இரண்டு பேரும் ரீவிக்கு முன்னால்தான்.

அந்த நேரம் பாடசாலையில் பெற்றோர் சந்திப்புக்குப் போனேன். மகளின் கொப்பியைக் காட்டினார்கள். வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொரு திங்களும் எழுத வேண்டுமாம். "வீட்டில் இருந்தேன். அப்பா நித்திரை." அடுத்த கிழமையும் அதே வசனம். அதற்கடுத்த கிழமையும் அதேதான். ஆசிரியை குறையாக ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்து வடிவாக இருக்கிறது என்றுதான் சொன்னா. எனக்குத்தான் முகத்தை நிமிர்த்த முடியவில்லை. பிள்ளைகளுக்காகத்தானே இந்தப் பாடுபடுகிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை வேலையால் வந்து இரண்டு மணித்தியாலம் மட்டும் படுத்தேன். மனைவி பாணுக்குள் முட்டைப் பொரியலும் சம்பலும் வைத்துக் கட்டினா. பிளாஸ்க்கில் தேத்தண்ணி. பஸ் ஏறி சவுத் கென்சிங்ரன் போனோம். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மண்டபத்தில் அப்போது நின்றது மிக நீளமான டைனோசர் எலும்புக்கூடு. சின்னவன் வாயைப் பிளந்தபடி என் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே போக ஒரு சதமும் கேட்கவில்லை. பஸ் காசு மட்டும்தான் செலவு.

பிரித்தானியாவின் தேசிய அருங்காட்சியகங்கள் 2001 டிசம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். விசேட கண்காட்சிகளுக்கு மட்டும் ரிக்கற் உண்டு. வாசலில் நன்கொடைப் பெட்டி இருக்கும். போடுவதும் விடுவதும் எங்கள் விருப்பம். சவுத் கென்சிங்ரன் ரியூப் நிலையத்திலிருந்து நிலக்கீழ்ப் பாதையாலேயே அருங்காட்சியகங்கள் வரை நடக்கலாம், மழையும் குளிரும் படாது. இயற்கை வரலாறு, விஞ்ஞானம், விக்ரோரியா அன்ட் அல்பேர்ட் என மூன்று அருங்காட்சியகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே நாளில் மூன்றையும் பார்க்க நினைக்காதீர்கள். ஒன்று போதும்; பிள்ளை களைத்தால் அழுகைதான் மிஞ்சும்.

பயணச் செலவையும் சொல்கிறேன். 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், காசு கட்டிப் பயணம் செய்யும் பெரியவர் ஒருவருடன் நான்கு பேர் வரை, ரியூப்பிலும் டிஎல்ஆரிலும் இலவசமாகப் போகலாம். பஸ்ஸிலும் அவர்களுக்குக் காசில்லை. 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஸிப் ஒய்ஸ்ரர் அட்டை எடுத்து வையுங்கள், பஸ் இலவசம். பெரியவர்கள் முதல் பஸ்ஸில் ஏறி ஒரு மணித்தியாலத்துக்குள் வேறு பஸ்களில் ஏறினால் திரும்பக் காசு எடுபடாது. அதே அட்டையைத்தான் காட்ட வேண்டும். டிஎல்ஆர் ரெயினில் சாரதிக்குத் தனி அறை இல்லை. முன் இருக்கையில் பிள்ளையை இருத்தினால் தானே ரெயின் ஓட்டுவதாக நினைக்கும். அப்படியே கிரீனிச் போனால் தேசியக் கடல்சார் அருங்காட்சியகமும் இலவசம். ஒன்றை மறக்க வேண்டாம்: நத்தார் தினத்தில் லண்டனில் ரியூப்பும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

அந்தக் குளிர்காலத்திலேயே ஒரு நாள் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கும் போனோம். அங்கே 33ஆம் இலக்கக் கூடத்தில் தாரா தேவியின் சிலை நிற்கிறது. பொன் முலாம் பூசிய வெண்கலம், ஏறக்குறைய 8ஆம் நூற்றாண்டுக்குரியது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் கிடைத்தது. இலங்கையில் ஆளுநராக இருந்த பிரவுண்றிக் 1830இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். எனக்கு மூதூர். அந்தக் கரைதான் எங்கள் கரை. விளக்க அட்டையை வாசித்த மகள், "அப்பா, இது உங்கட ஊரா?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அதுவரை ஊர் என்றால், ரெலிபோனில் அப்பா அழுகிற இடம் என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். அன்று திரும்பி வரும் பஸ்ஸில்தான் கொட்டியாரக் குடாவையும் வள்ளங்களையும் எங்கள் வயலையும் பற்றி முதன்முதலாகச் சொன்னேன். இருவரும் நித்திரை கொள்ளாமல் கேட்டார்கள்.

அடுத்த சந்திப்பில் கொப்பியைப் பார்த்தேன். அருங்காட்சியகத்தைப் பற்றி ஒரு வரிதான். மிச்சமெல்லாம், "அப்பா சின்ன வயதில் வள்ளத்தில் போனவர்" என்று தொடங்கி ஒரு பக்கம்.

நேயர்களே, வேலை இருக்கும், கடன் இருக்கும், உடம்பு அலுப்பாகவும் இருக்கும். எல்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு கிழமையும் முடியாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை போதும். தொப்பி, கையுறை போட்டு, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பத்து மணிக்கு வெளிக்கிட்டால் இருட்ட முதல் வீடு வந்துவிடலாம்.

இப்போது என் மகள் தன் பிள்ளையை அங்கே கூட்டிப் போகிறாள். டைனோசர் நின்ற மண்டபத்தில் 2017 முதல் நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. நானும் கூடப் போகிறேன், பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு.