ஆளுக்கொரு பந்து
(ஆசிரியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குகிறேன். வகுப்பில் 30 பிள்ளைகள், விளையாட்டுப் பாடவேளை 30 நிமிடம், பந்து ஒன்று. சரிசமமாகப் பங்கிட்டாலே பிள்ளைக்கு ஒரு நிமிடம்தான் பந்து கிடைக்கும். மைதானத்தில் அப்படி யாரும் பங்கிடுவதில்லை. வேகமாக ஓடுகிற நாலைந்து பேரிடமே பந்து சுற்றுகிறது. கூச்சப்படும் பிள்ளைகளும் பெண்பிள்ளைகளில் பலரும் ஓரத்தில் நின்று கைதட்டுகிறார்கள். எறிவதையும் பிடிப்பதையும் வேடிக்கை பார்த்துக் கற்க முடியாது.

ஆளுக்கொரு பந்து வாங்கப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். வாங்க வேண்டாம், செய்யலாம். எங்கள் தலத்தெருப் பக்கத்தில் பருவம் என்ன தருகிறதோ அதை வைத்தே செய்யலாம்.

ஆனி மாதம் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. வீதியுலாவில் மாங்கனி இறைப்பதையும் கூட்டம் கை நீட்டிப் பிடிப்பதையும் நம் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தவர்கள். பழைய நாளிதழைக் கசக்கி உருட்டி, நூல் சுற்றி, மேலே மஞ்சள் தாள் ஒட்டினால் காகித மாங்கனி தயார். மேலே எறிந்து தானே பிடிப்பது முதல் படி. எதிரில் நிற்பவருக்கு எறிவது அடுத்த படி.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மைதானம் தண்ணீரில் நிற்கும். அப்போது துணிப்பந்து. கிழிந்த துணியை இறுக்கிச் சுருட்டிப் பழைய காலுறைக்குள் திணித்து, வாயைத் தைத்துவிடலாம். வகுப்பறைக்குள் எறிந்தாலும் எதுவும் உடையாது. கெட்டிப் பந்து வந்தால் சிறு பிள்ளைகள் பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். துணிப்பந்து அடிபடாது என்று தெரிந்ததும், பந்தைப் பார்த்தே கை நீட்டுவார்கள். உள்ளே புளியங்கொட்டை போட்ட சிறு டப்பாவை வைத்தால் சத்தம் வரும். பார்வையற்றோர் கிரிக்கெட்டிலும் ஒலி எழுப்பும் பந்துதான். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளையும் விளையாட்டில் சேரலாம்.

தையில் சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோல் கிடைக்கும். துணிக்குள் வைக்கோல் அடைத்த பந்து பெரிதாகவும் எடை குறைவாகவும் இருக்கும். முதல் வகுப்புக்கு ஏற்றது.

வெயில் காலத்தில் மரத்தடியில் உட்கார்ந்து தென்னை ஓலைப்பந்து பின்னலாம். இரண்டு ஓலைகளில் ஈர்க்கை நீக்கினால் நான்கு பட்டைகள் வரும். அவற்றை மாற்றி மாற்றி மடித்துப் பின்ன வேண்டும். பின்னத் தெரிந்த தாத்தா பாட்டி ஊரில் இருப்பார்கள், வகுப்புக்கு அழையுங்கள். பின்னி முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "பந்து என்கிறோமே, இது ஏன் நேராக உருளவில்லை?" பிள்ளைகள் முகங்களை எண்ணிப் பார்ப்பார்கள். ஆறு வரும். கனசதுரப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

பந்து பையன்களுக்குத்தான் என்று பெற்றோர் சொன்னால், உயர்நிலை வகுப்புத் தமிழாசிரியர்கள் பதில் சொல்லலாம். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வரும் கந்துகவரி, பெண்கள் பந்தடித்துக்கொண்டு பாடுவது. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுகிறாள். நம் இலக்கியத்தில் பந்து பெண்கள் கையில்தான் அதிகம் இருந்தது.

இரண்டு எச்சரிக்கைகள். ஈர்க்கு நீக்கும் கத்தி ஆசிரியர் கையில் மட்டும் இருக்கட்டும். பிள்ளை செய்த பந்து கோணலாக இருந்தால் நாம் திருத்திச் செய்து கொடுக்க வேண்டாம். கோணல் பந்து எப்படித் துள்ளுகிறது என்று அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த விளையாட்டுப் பாடவேளையில், ஓரத்தில் நிற்கும் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, அதன் கை எத்தனை முறை பந்தைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். பிறகு ஆளுக்கொரு பந்து செய்து, அதே பிள்ளையை மறுபடி எண்ணிப் பாருங்கள்.