உப்புத்தாளும் ஒப்புரவும்



நம் ரொறன்ரோவில் பழைய வீடு வாங்கி, கார்ப்பெட்டைக் கிழித்துப் பார்க்கிறவர்கள் சிலருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். அடியில் ஓக் மரத் தளம்! மேலே கீறலும் கறையுமாக இருந்தாலும் மரம் உறுதியாகவே இருக்கும். வீட்டுக் கடன் நெருக்குகிற நேரத்தில் ஆள் வைக்க முடியாது. இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துத் தாங்களே தேய்க்கத் தொடங்குவார்கள்.

அப்படி ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தோம். தளம் பளபளத்தது. ஆனால் சன்னல் வெளிச்சம் விழுந்த இடத்தில் கோடு கோடாகக் கீறல்கள். வீட்டுக்காரர் வெட்கத்தோடு சொன்னார்: "ஃபாதர், முதலில் 40-ஆம் எண் உப்புத்தாள். பிறகு 60, 80 என்று படிப்படியாகப் போயிருக்க வேண்டும். அவசரத்தில் நேரே 100-க்குப் போய்விட்டேன். வார்னிஷ் அடித்த பிறகுதான் எல்லாம் தெரிகிறது."

கரடான தாள் பழைய பூச்சை எடுக்கும். தன் கீறலை விட்டுச் செல்லும். அதை அடுத்த தாள்தான் அழிக்க வேண்டும். வார்னிஷ் எதையும் மறைப்பதில்லை.

நம் குடும்பங்களிலும் காணிக்காக, கொடுக்கல் வாங்கலுக்காக, ஆண்டுக்கணக்கில் பேச்சில்லாத சகோதரர்கள் உண்டு. சாவு வீட்டில் கைகொடுக்கிறோம். கலியாண வீட்டில் சேர்ந்து படம் எடுக்கிறோம். அது வார்னிஷ். அடுத்த வாக்குவாதத்தில் பழைய கீறல் தெரிந்துவிடும். குருக்களாகிய நாமும் குற்றமற்றவர்கள் அல்ல. "மன்னித்துவிடுங்கள்" என்று ஒரே சொல்லில் எத்தனை பேரை அவசரமாக அனுப்பியிருக்கிறோம்!

ஆண்டவர் அவசரப்படுவதில்லை. மத்தேயு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில், காணிக்கையோடு பீடம்வரை வந்தவரையே, மனத்தாங்கலோடு இருக்கும் சகோதரனிடம் முதலில் போகச் சொல்கிறார். சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் நாம் படித்ததும் படிகள்தானே? ஆன்ம சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவ அறிக்கை, அபராதத் தீர்வு. ஒன்றைத் தாண்டி ஒன்றுக்குப் போக முடியாது.

இன்னொன்றும் உண்டு. இயந்திரத்தை ஓரிடத்திலேயே நிறுத்தினால் மரத்தில் பள்ளம் விழும். ஒரே தவறைத் திரும்பத் திரும்பக் கிளறினால் உறவிலும் அப்படித்தான்.

இந்த வாரம் ஒருவருக்குத் தொலைபேசி எடுப்போம். முதல் பேச்சு கரடுமுரடாகத்தான் இருக்கும். அது 40-ஆம் எண் தாள். அதோடு விட்டுவிடாமல் அடுத்த வாரமும் எடுப்போம். அதற்கடுத்த வாரமும் எடுப்போம். அடியில் இருப்பது ஆண்டவர் படைத்த நல்ல மரம். ஆமென்.