ஜிப்சி வாங்கலாமா, ஜிம்னி வாங்கலாமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஓசூரில் வேலை, கையில் கொஞ்சம் காசு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைப்பக்கம் போகணும் என்று ஆசை. உங்களில் பலரும் இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்திருக்கிறீர்கள்.

ஜிப்சி 1985-ல் வந்தது. எடை ஏறக்குறைய ஒரு டன்தான். சேற்றிலும் மணலிலும் அதுவே அதன் பலம். இப்போது தயாரிப்பு இல்லை, ஆகவே பழைய வண்டிதான் கிடைக்கும். ஜிம்னி இங்கே 2023-ல் விற்பனைக்கு வந்தது. சுமார் 1,200 கிலோ. இரண்டிலும் லோ ரேஞ்ச் கியர் உண்டு. ‘ஃபோர் வீல்’ என்று விற்கிற எல்லா வண்டியிலும் அது கிடையாது. கேட்டுப் பார்த்து வாங்குங்கள். பெங்களூரில் மலிவு என்று கர்நாடகப் பதிவெண் வண்டியை வாங்கினால், தடையில்லாச் சான்றும் நம் மாநில வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மலிவு பாதி கரைந்துவிடும்.

இனி என் கதை. மழை விட்ட மறுநாள் என் பழைய ஜிப்சியை ஓர் ஏரி உள்வாயில் இறக்கினேன். நாலு சக்கரமும் இழுக்குமே என்ற திமிர்தான்! பாதியில் வண்டி நின்றது. முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் சேற்றில் சும்மா சுழன்றன. மற்ற இரண்டும் அசையவே இல்லை. சாதாரண டிஃபரன்ஷியல், எந்தப் பக்கம் பிடிப்பில்லையோ அந்தச் சக்கரத்தைத்தான் சுழல விடும். மெஷின் டிசைன் வகுப்பில் படம் போட்டு மார்க் வாங்கியவன் நான். முழங்கால் சேற்றில் நின்றபோதுதான் அது உறைத்தது. (ஜிம்னியில் சுழலும் சக்கரத்தைப் பிரேக் தானே பிடிக்கும். அதை நம்பியும் ஏரியில் இறங்காதீர்கள்.) டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்ட விவசாயி கேட்டார்: “முதல்ல எறங்கி நடந்து பாத்திருக்கலாமே சார்?”

அன்றிலிருந்து நடந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். கயிறு இல்லாமல், துணைக்கு இன்னொரு வண்டி இல்லாமல் போவதில்லை. மணலில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைக்கிறேன். செங்குத்தான இறக்கத்தில் லோ ரேஞ்ச், முதல் கியர். கிளட்ச்சை மிதிக்கவே கூடாது, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போடாதீர்கள். வளைவில் முன்சக்கரங்கள் அதிகத் தூரம் ஓடவேண்டும். இவ்வண்டிகளில் நடு டிஃபரன்ஷியல் இல்லாததால் அச்சும் கியரும் முறுக்கிக்கொள்ளும்.

மாணவத் தம்பிகளே, ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டில் ஒரு பகுதி 2014 முதல் காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். அனுமதியில்லாமல் அதற்குள் வண்டியை விடுவது குற்றம். ராகி முற்றும் காலத்தில் பன்னேருகட்டாப் பக்கமிருந்து யானைக்கூட்டம் வரும். ராத்திரி காவல் காக்கும் விவசாயிக்கு உங்கள் ஹெட்லைட் இன்னொரு தொல்லை. தெரிந்தவர் நிலத்தில், அவரைக் கேட்டுக்கொண்டு பழகுங்கள். பொழுது சாயுமுன் தார்ச்சாலைக்கு வந்து, டூ வீலுக்கு மாற்றி, டயருக்குக் காற்றடித்துக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள்.