இணையத்தில் கிடைக்கும் பாட்டுகளைச் சோதித்தறிவோம்

(ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரிப் போதகர் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கைகளால் இங்கே மருந்தும் கட்டிலும் ஏழைகளுக்குக் கிடைக்கின்றன. அவற்றோடு ஜெபத்தையும் பாட்டையும் நாம் கொடுக்கிறோம். முன்பெல்லாம் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வார்டுகளில் பாடினோம். இப்போது வாலிபர்கள் கைபேசியில் தேடியெடுத்துப் பாடுகிறார்கள். அது நல்லதுதான். ஆனாலும், இணையத்தில் வருகிற பாட்டையும் அதோடு வருகிற கதையையும் சோதித்தறிந்தே நோயாளியிடம் கொண்டுபோக வேண்டும்.

சோதிப்பது அவிசுவாசம் அல்ல. பெரோயா பட்டணத்தார் பவுலின் உபதேசத்தையே வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள். பாப்டிஸ்ட் சபையாரும் பாட்டு விஷயத்தில் அப்படியே செய்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில், லண்டனில் பெஞ்சமின் கீச் என்னும் போதகர் தம் சபையில் ஞானப்பாட்டு பாடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். மனிதர் இயற்றிய பாட்டை ஆராதனையில் பாடலாமா என்று பெரிய வாக்குவாதம் எழும்பிற்று. சிலர் சபையைவிட்டே பிரிந்தார்கள். அவர் 1691-ல் வேத ஆதாரங்களைக் காட்டி ஒரு புத்தகமே எழுதினார். நாமும் மூன்று கேள்விகளைக் கேட்போம்.

முதலாவது, கதை மெய்யா? "அமேசிங் கிரேஸ்" எழுதிய ஜான் நியூட்டன் 1748-ல் கடற்புயலில் சிக்கி தேவனை நோக்கிக் கூப்பிட்டார். உடனே அடிமை வியாபாரத்தை உதறிவிட்டு இந்தப் பாட்டை எழுதினார் என்று பல தளங்களில் போட்டிருக்கிறார்கள். நடந்தது வேறு. அதற்குப் பின்பும் அவர் அடிமைக் கப்பல்களில் போனார், தலைவனாகவும் இருந்தார். 1754-ல் நோய் வந்த பிறகே கடல் யாத்திரையை விட்டார். 1773-ஆம் வருஷப் பிறப்பு ஆராதனைக்கென்று எழுதிய இந்தப் பாட்டு 1779-ல் அச்சேறியது. அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் புத்தகம் வெளியிட்டது 1788-ல்.

குடியை விட்டு, மறுபடியும் விழுந்து, ஈரல் கெட்டுப் படுத்திருக்கிற ஒரு சகோதரனை நினைத்துப் பாருங்கள். ஒரே இரவில் மாறிப்போனவனின் கதையை அவனுக்குச் சொன்னால், "நான் அப்படி மாறவில்லையே, தேவன் என்னைக் கைவிட்டாரே" என்று சோர்ந்துபோவான். புயலிலிருந்து அந்தப் புத்தகம்வரை 40 வருஷம். அத்தனை வருஷம் ஒரு மனிதனைப் பொறுத்து நடத்திய கிருபையைச் சொன்னால், அவனுக்கும் நம்பிக்கை பிறக்கும். பொய்க் கதை எவ்வளவு அழகாயிருந்தாலும் வியாதிப் படுக்கையில் அது நிற்காது.

இரண்டாவது, வார்த்தைகளும் பெயர்களும் சரியா? அதே பாட்டில் இன்று கடைசியாகப் பாடும் சரணம் நியூட்டன் எழுதியதல்ல. ராகமும் அவர் தெரிந்துகொண்டதல்ல. 1835-ல் வில்லியம் வாக்கர் என்னும் அமெரிக்க பாப்டிஸ்ட் தம் பாட்டுப் புத்தகத்தில் அதை இணைத்தார். "ஐ நீட் தீ எவ்ரி அவர்" பாட்டை 1872-ல் எழுதியவர் புரூக்ளின் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஆனி ஹாக்ஸ் அம்மையார். ராகமும் பல்லவியும் அவருடைய போதகர் ராபர்ட் லௌரி கொடுத்தவை. இது துக்கத்தில் பிறந்த பாட்டல்ல. வீட்டு வேலை நாளொன்றில் பிறந்தது. பல வருஷங்களுக்குப் பின் கணவரை இழந்தபோதே அதன் ஆறுதலை அந்த அம்மையார் முழுவதும் உணர்ந்தார்.

இவற்றை எங்கே பார்ப்பது? கால்வின் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த "ஹிம்னரி" தளத்தில் ஆசிரியர், வருஷம், ராகம் ஆகியவற்றோடு பழைய பாட்டுப் புத்தகப் பக்கங்களின் படங்களும் இருக்கின்றன. 1996-ல் தொடங்கிய "சைபர் ஹிம்னல்" தளமும் உதவும். ஒரு தளத்தோடு நிற்காமல், பழைய அச்சுப் பக்கத்தோடு ஒத்துப்பாருங்கள். ஆசிரியர் பெயரும் வருஷமும் இல்லாத பக்கத்தை நம்பி எதையும் அச்சிடாதிருங்கள்.

மூன்றாவது, உரிமை யாருடையது? "ஹௌ கிரேட் தௌ ஆர்ட்" பாட்டின் மூலம் 1885-ல் கார்ல் போபெர்க் எழுதிய ஸ்வீடிஷ் கவிதை. ஆங்கில வரிகளை எழுதிய ஸ்டூவர்ட் ஹைன் 1989-ல் மரித்தார். நம் தேசச் சட்டப்படி, ஆசிரியர் மரித்து 60 வருஷம்வரை உரிமை உண்டு. ஆகவே ஒரு தளம் "இலவசம்" என்று சொன்னாலும், அந்த வரிகளை அச்சடித்து விநியோகிக்க அனுமதி வேண்டும். பிறருடைய பொருளை எடுத்து தர்மம் செய்வது தர்மமாகாது.

பிரியமானவர்களே, வார்டுகளுக்குப் பாட்டுத் தாள் அச்சடித்துத் தர உங்களில் அநேகர் முன்வருகிறீர்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்னே இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். வலியில் விழித்திருக்கிறவர் இரவெல்லாம் பற்றிக்கொள்ளும் வார்த்தை அது, மெய்யான வார்த்தையாயிருக்கட்டும். ஆமென்.